சான்றிதழில் மரச்சாமான் கடை

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குப் பட்டப்பெயரே ‘பூட்டு’தான். எதிர்முனை சர்வர் தன் அடையாளமாக நீட்டும் சான்றிதழில் சரியான பெயர் இல்லையென்றால், தலைகீழாக நின்றாலும் மெயிலை அனுப்ப மாட்டார். பூட்டிய பெட்டியைக் கண்ட ஆளிடம் கொடுத்தால் பூட்டி என்ன புண்ணியம் என்பார்.

அப்பேர்ப்பட்டவர் மசிந்தது தன் அக்கா ஒருத்திக்குத்தான். அவள் ஒரு சின்ன கிளினிக்கின் வரவேற்பில் இருக்கிறாள். அந்தக் கிளினிக்குக்கு நல்ல முடிவுகள் மாதக் கடைசியில் காகிதத்தில் போகும். கோளாறு தெரிந்தால் மட்டும் அன்றே மெயில். ஒருநாள் கிளினிக் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகி அப்படி ஒரு மெயில் நின்றுவிட்டது. டாக்டர் கத்துகிறார், இரண்டே நாள் சான்றிதழைப் பார்க்காமல் அனுப்பு என்று அக்கா போனில் பிடுங்கி எடுத்தாள். பூட்டு அந்தக் கிளினிக்குக்கு மட்டும் சரிபார்ப்பை நிறுத்தி, அதன் சர்வர் முகவரியையும் செட்டிங்கில் கையாலேயே எழுதிவைத்தார். பிறகு மாற்ற வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி, பாவி மனுஷன்.

இன்று காலை வேறெதையோ தேடும்போது அந்த வரி கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு சரிபார்ப்பைத் திரும்பப் போட்டு, ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார். போகவில்லை. சான்றிதழில் ஏதோ ஒரு மரச்சாமான் கடையின் பெயர் இருந்தது.

கிளினிக்கின் கம்ப்யூட்டர்காரரிடம் விசாரித்தார். மூன்று வாரத்துக்கு முன்பே சர்வரை மாற்றிவிட்டார்களாம். அந்தப் பழைய முகவரி இப்போது வேறு யாருக்கோ வாடகைக்குப் போயிருக்கிறது.

அந்த மூன்று வாரத்தில் நான்கு மெயில்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. ரிப்போர்ட் எண்களை வைத்துப் பெயர்களைத் தேடினார். மூன்றாவது பெயர் அக்காவுடையது. போன ஞாயிறுதான் அவள், நானும் ரத்தம் கொடுத்தேன், மெயில் வரவில்லை, தப்பித்தேன் என்று சிரித்திருந்தாள். இவரும் கூடவே சிரித்தார்.

முதலில் டாக்டரைக் கூப்பிட்டு நான்கு பெயர்களையும் சொன்னார். அக்காவிடம் மட்டும் தானே சொல்வதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவளுக்குப் போன் போட்டார்.

“என்னடா, வேலை நேரத்துல?”

“அக்கா, உன் ரிப்போர்ட்டை பத்து நாள் முன்னாடி தப்பான இடத்துக்கு அனுப்பிட்டேன். என் தப்புதான்.”



“மெயில்லயா அனுப்பினே?” என்று கேட்டாள்.