அரை டோக்கன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் நியாயமானது. கொல்லிமலையில் இருக்கும் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறு வருடமாகக் கேன்டீன் நடத்துகிறேன். ஜூன் மாதம் ஓர் உத்தரவு வந்தது. பாக்கெட் சிப்ஸ், கலர் சோடா, க்ரீம் பிஸ்கட் எதையும் இனிமேல் பள்ளிக்குள் விற்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் வியாபாரத்தில் முக்கால்வாசி அந்தப் பாக்கெட்டுகள்தான்.

விற்பனையில் பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை வசூலிக்கும் ஆபீஸ் சூப்பிரண்டு தனபால் சார் அன்று மாலையே வந்து நின்றார்.

"காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாப்பேன், மெர்சி. பங்கு கொறஞ்சுதுன்னா இந்த ரூமை ஜெராக்ஸ் கடைக்கு உட்ருவேன்."

என் வீட்டு அடுப்பு இந்தக் கேன்டீன் அடுப்பை நம்பித்தான் எரிகிறது.

நான் ராசிபுரத்துக்காரி. மலைப் பிள்ளைகளுக்குத் தினை, சாமை என்றால் உயிர் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, தினை உருண்டையும் சாமைப் புட்டும் செய்து அடுக்கினேன். இரண்டு வாரம் ஈதான் ஓட்டினேன். கடைசியில் மலை ஊர்த்தொகுதியான எடப்புளி நாட்டிலிருந்து வரும் ப்ளஸ் ஒன் கோகிலாவை மறித்து, இதில் என்ன குறை கண்டீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். அவள் அசரவில்லை.

"ஏனுங்கக்கா, ஊட்ல தெனமும் இருக்கறதுக்கு இங்க வந்து காசு குடுப்பாங்களா? ஆறரை பஸ்ஸுக்கு வெறும் வயித்தோட ஓடி வாரோமுங்க. பதினோரு மணிக்குச் சோறு இருந்தாச் சொல்லுங்க, வாரேன்."

டோக்கன் கணக்கை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நான்தான் இருபத்தைந்து ரூபாய் டோக்கனில் மதியச் சாப்பாடு போடுகிறேன். இருநூறு பேரில் வாங்கியது முப்பது பேர். மற்றவர்கள் இடைவேளையில் சிப்ஸும் கலரும் வாங்கிவிடுவார்கள். மதியம் பசியும் இருக்காது, காசும் இருக்காது. ஆறு வருடமாக யானைப் பசிக்குச் சோளப்பொரி விற்றிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் டோக்கனின் நடுவில் ஒரு கோடு போட்டேன். பாதியைக் கிழித்துக் கொடுத்தால் இடைவேளையில் ஒரு கரண்டி சுடுசோறும் குழம்பும். மீதிப் பாதிக்கு மதியச் சாப்பாடு. காசு அதே இருபத்தைந்துதான். தனபால் சார் சிரித்தார். பதினோரு மணிக்கே சோறு தின்கிறவன் மதியத்துக்கும் சேர்த்து எதற்குக் காசு கொடுக்கப்போகிறான் என்றார். அந்த எரிச்சலில் அன்றைக்கு ரசத்தில் மிளகு கூடிவிட்டது. பிள்ளைகள் அதையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

முதல் வாரம் அறுபது டோக்கன். ஆகஸ்டில் நூறைத் தாண்டியது. பாத்திரம் பற்றாமல் அரியூர் நாட்டு ராமாயியிடம் அண்டா இரவல் வாங்கினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: பாக்கெட் போன இடத்தில் வைத்த அன்னாசித் துண்டும் வேகவைத்த கடலையும் பழைய காசில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொண்டுவரவில்லை. சோறுதான் தூக்கி நிறுத்தியது. அதுவும் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் தின்ற சோறு. அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி முடியாது.

காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் மதியம், நூற்று அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது தனபால் சார் நோட்டோடு வந்தார். பள்ளிக்குச் சேரும் பங்கு பாக்கெட் விற்ற காலத்தைவிடக் கூடியிருந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தாராம். முகத்தில் ஈயாடவில்லை.

"ரூமு உங்களுக்குத்தானுங்க, மெர்சிம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"கையில கரண்டி இருக்குதுங்க சார். பிள்ளைங்களுக்குப் போட்டு முடிச்சிட்டு வாரேன். பசியா இருந்தா நீங்களும் ஒரு டோக்கன் வாங்கிக்கங்க" என்றேன்.

சட்டைப்பையைத் தடவினார். நூற்று அறுபத்தோராவது டோக்கனை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.