மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்

“வெள்ளிக்கிழமையோட மூணு வருஷம் முடியுது. அப்புறம் கோர்ட்டு வாசல்ல விழுந்து கும்பிட்டாலும் வழக்கு நிக்காது” என்றார் வக்கீலம்மா.

தையல்காரி நாற்காலி நுனிக்கு வந்தாள். சலவைக்கடைக்கு நீராவி இஸ்திரி மெஷின் வாங்க அண்ணிக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம். இப்போது இவளே தன் தையல்கடையைக் காலிசெய்ய வேண்டும். புது இடத்துக்கு முன்பணம் கட்டாவிட்டால் தையல் மெஷின்களை விற்பதைத் தவிர வழியில்லை.

“நோட்டீஸ் அனுப்பினா?”

“நோட்டீஸ் அவங்களைப் பயமுறுத்தும், கெடுவை நிறுத்தாது. அதுக்குள்ள வழக்குப் போடணும். ஜெயிச்சா அந்த மெஷினையே ஜப்தி பண்ணலாம். இல்லேன்னா, இவ்வளவு பாக்கின்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். அன்னிலேருந்து புதுசா மூணு வருஷம். நடுவுல கொஞ்சம் குடுத்து, எழுதியும் வச்சிருந்தா அதுவும் செல்லும். ஒண்ணுமே குடுக்கலையா?”

“மாசாமாசம் கொண்டுவந்தாங்க. நான்தான் வாங்கல. ‘முதல்ல நீங்க நிமிருங்க அண்ணி, மொத்தமா வாங்கிக்கிறேன்’னு...”

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல மனசும்மா. அதை மனுவுல எந்த இடத்துல எழுதறதுன்னுதான் தெரியல.”

பேங்குக்கு வேண்டும் என்று ஏதாவது சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று தெருமுனை வரை நினைத்துக்கொண்டே நடந்தாள். சலவைக்கடைக்குள் ஆவி மண்டியிருந்தது. அண்ணி ஒரு சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். முழங்கையில் புதிதாகச் சூடுபட்ட காயம். தயாராயிருந்த பொய் வாயில் வரவில்லை.

“வாங்க மகாராணி! வழி தெரிஞ்சுதா?”

எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கு, ஜப்தி, கெடு எல்லாம். அண்ணி மெஷினை அணைத்தாள்.

“அப்போ வெள்ளி தாண்டறவரைக்கும் நான் வாயை மூடிக்கிட்டிருந்தா போதும்?”

“ஆமா அண்ணி.”

“அதையும் நீயே வந்து சொல்றே. புத்திசாலிதான் போ!” சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “மிச்சம்பிடிச்சு எடுத்துட்டு வருவேன். நீ என் கையைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புவே. உன் வீட்டுப் படி இறங்கறப்ப எப்படியிருக்கும் தெரியுமா? கடன் வாங்கினவளாக்கூட இருக்க விடலியே நீ. அதான் வர்றதையே நிறுத்திட்டேன்.”

தையல்காரிக்கு முகம் சுட்டது. அண்ணியைத் திருப்பியனுப்பிய இரவுகளில் நெஞ்சு நிறைந்து தூங்கியிருக்கிறாள். அந்த நிறைவுக்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தாள். அதில் அண்ணிக்கு எவ்வளவு பங்கு என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அண்ணி ரசீதுத்தாளின் பின்பக்கம் பாக்கியை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு கல்லாவைத் திறந்தாள்.

“இதையும் அதுல எழுதிட்டேன். எண்ணிக்கோ.”

தையல்காரி ஒவ்வொரு நோட்டாக, அண்ணி பார்க்க எண்ணினாள். முன்பணத்துக்குப் பாதிகூடத் தேறாது. ஒரு தையல் மெஷினை விற்றே ஆகவேண்டும். மற்றவை தப்பிக்கும்.

“மீதி? அடுத்த மாசம் எந்தத் தேதில தருவீங்க?” நோட்டுகளை மடித்தபடி கேட்டாள்.

“அடிப்பாவி, வட்டிக்கு விடற ஈட்டிக்காரி தோத்தா போ!” என்றாள் அண்ணி. ஆனால் நாள்காட்டியைத் திருப்பி, பேனாவால் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.