பிஸ்கட் தேய்ந்த கதை

கப்பலிலிருந்து லீவில் வரும் கணவன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதைத் தேடுவான்? இவன் மெத்தையைத் தேடினான். அதுவும் கட்டில் மெத்தை இல்லை. மாடிப்படிக்கு அடியில், ஓடாத மின்விசிறிக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த, பாறை ஏறும்போது கீழே விரிக்கும் மெத்தை.

"எலி கடிக்கல. நல்லாத்தான் இருக்கு" என்றான், தோள் பையைக்கூட இறக்காமல்.

"என்னையும்தான் எலி கடிக்கல" என்றாள் அவள்.

அவன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் மாதக்கணக்காகக் காத்திருந்தாள். ஆனால் அடுத்த கேள்வியும் பாறையைப் பற்றியே வந்தது.

"பிஸ்கட் எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன்."

பாறை ஏறுவதில் ஒரு வகை உண்டு. கயிறு கிடையாது, ஆணி கிடையாது. வீட்டு மாடி உயரத்துக்குக் கிடக்கும் உருண்டைப் பாறையில் வெறும் கையையும் காலையும் நம்பி ஏற வேண்டும். விழுந்தால் கீழே மெத்தை. போல்டரிங் என்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் சந்தித்ததே அப்படித்தான். அவன் தன் மெத்தையைத் தவறவிட்டு, அவள் மெத்தையில் வந்து பொத்தென்று விழுந்தான். "ஆள் விழுந்துட்டான்டி" என்று சிநேகிதிகள் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவள் பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறும் விதத்தைப் பார்த்து அவன் வைத்த பெயர் 'பல்லி'. கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே நிலைத்தது. அவளும் ஆள் முன்னால் 'நீங்க' என்பாள், தனியாக இருந்தால் 'நீ' என்பாள்.

கல்யாணமான வருஷமே ஊருக்கு வெளியே இருந்த ஒட்டகப் பாறையின் இடப்பக்கத்தை அவன் கண்டுபிடித்தான். அந்தப் பக்கம் யாரும் ஏறியதில்லை. வழவழவென்று ஏறும் சுவரின் நடுவே, உயரத்தில், ஒரே ஒரு சின்ன விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கனம் ஒரு பிஸ்கட் அளவு. இரண்டு விரல் நுனி வைக்கலாம். அதற்குப் பெயரே பிஸ்கட் ஆகிவிட்டது.

"இதை ஏறி முடிக்கிற அன்னைக்குக் கப்பலுக்கு முழுக்கு. இங்கயே ஒரு ஒர்க் ஷாப்ல சேர்ந்துடறேன்" என்று பாறை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவன் கப்பலில் இன்ஜின் அறை மெக்கானிக். சாமி மேல் சத்தியம் செய்திருந்தால் கெஞ்சிக் கேட்டுக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். பாறையிடம் யார் கெஞ்சுவது? ஒவ்வொரு லீவிலும் கொஞ்சம் கூடுதல் உயரத்திலிருந்து விழுந்தான். போன தடவை பிஸ்கட்டைப் பிடித்தே விட்டான். அதற்கு மேல் ஒரே ஒரு எட்டுத்தான் பாக்கி. அதற்குள் லீவு தீர்ந்துபோனது.

கிளம்பும்போது அவளிடம் ஒரு வேலை கொடுத்தான். "பிஸ்கட்டை மட்டும் சுத்தமா வச்சுக்க பல்லி."

காரணம் இருந்தது. யாரோ எடுத்துப் போட்ட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஒட்டகப் பாறைக்குக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. கை வழுக்காமல் இருக்க எல்லாரும் பூசும் வெள்ளைப் பொடி, வியர்வையோடு சேர்ந்து பிடிகளில் சுண்ணாம்பு போல இறுகிவிடும். தேய்த்து எடுக்காவிட்டால் விரல் நிற்காது. அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீளமான கம்பின் நுனியில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். முதலில் பழைய பல் பிரஷ். அதற்கு மசியவில்லை என்றதும் கம்பி பிரஷ். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தேய்த்தால் இன்னும் சுலபமாக வந்தது. ஈரமான அழுக்கு மணல் மணலாக உதிர்ந்து அவள் முகத்தில் விழும். அவளுக்கு அதுவும் பிடித்திருந்தது. வாரம் முழுக்கக் கிளினிக்கில் அடுத்தவர் பல்லைச் சுத்தம் செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் புருஷன் வீட்டுக்கு வரும் வழியைச் சுத்தம் செய்தாள். கடல் எங்கோ, கப்பல் எங்கோ. இந்தப் பிரஷ் போய்த் தொடும் இடத்தில்தான் அவன் விரல் கடைசியாக இருந்தது என்ற நினைப்பே பாதி வாரத்துக்குத் தாங்கும்.

அவன் வந்த மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார்கள். நாத்தனார்தான் கார் ஓட்டினாள்.

"அண்ணி, இன்னைக்கு இவன் ஏறிட்டா நமக்கு நிம்மதி. ஏறலைன்னா இவனை அங்கயே விட்டுட்டு வந்துடலாம். ஒட்டகம் வச்சுக் காப்பாத்தட்டும்."

"பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றான் அவன். மடியில் ஒரு மரக்கட்டை. கப்பலில் பிஸ்கட்டின் அதே அளவில் செதுக்கி, இன்ஜின் அறைக் கதவின் மேல் அடித்து, தினமும் தொங்கிப் பழகிய கட்டை. விரல் பட்ட இடம் கறுத்திருந்தது.

காரை நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இப்போது மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு இருந்தது. பாறையடிக்கு வந்ததும் அவன் நின்றான்.

"இங்க குத்துச்செடி நிறைய இருந்துச்சே?"

"அது மேலதானேண்ணா எல்லாரும் மெத்தை போட்டாங்க" என்றாள் நாத்தனார். "உன் மெத்தையும் சேர்த்துத்தான்."

புல் இருந்த தரை சிமென்ட் போட்டது போல இறுகிக் கிடந்தது. மழைநீர் அரித்ததில் பக்கத்து மரத்தின் வேர்கள் வெளியே வந்து, கிழவியின் கை நரம்பு போலப் புடைத்திருந்தன. பாறையில் பாதி உயரத்துக்குப் பாசி இல்லை. அதற்குப் பதிலாக வெள்ளை வெள்ளையாகக் கைத்தடங்கள். வாரா வாரம் வந்தவள்தான் அவள். ஆனால் அவள் கண் பிஸ்கட்டை விட்டு இறங்கியதே இல்லை. இன்று அவன் பார்க்கும் இடத்தையெல்லாம் தானும் பார்த்தாள்.

அவன் கையில் பொடி பூசிக்கொண்டு ஏறினான். முதல் நான்கு பிடிகள் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவதாக வலது கையை வீசிப் பிஸ்கட்டைப் பற்றினான். விரல் அங்கே நிற்கவே இல்லை. மெத்தையில் வந்து விழுந்தான்.

"கை ஈரம்" என்றான்.

மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான். மூன்றாம் தடவை ஏறவில்லை. பக்கத்து மரத்தில் பாதி தூரம் ஏறி, கையை எட்டிப் பிஸ்கட்டைத் தடவிப் பார்த்தான். நாள்பட்ட சோப்புக் கட்டியைத் தடவுவது போல அவன் விரல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனதை அவள் கீழிருந்து பார்த்தாள்.

இறங்கி வந்து மெத்தையில் உட்கார்ந்தான். "விளிம்பே இல்ல. மழுங்கிப் போச்சு."

"ஊர்ப்பட்ட ஜனம் வந்தா வேற என்ன ஆகும்?" என்றாள் நாத்தனார். "மண்ணு ஒட்டின ஷூவோட ஏறிப் பாறையையே அரைச்சுட்டாங்க."

"அவ்ளோ உயரம் ஒருத்தர் ரெண்டு பேர் கை எட்டியிருந்தா அதிகம். அங்க ஷூவே படாது."

பழி ஊரார் தலையில் இறங்கத் தயாராக நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இறங்கியிருக்கும்.

"நான்தான் தேச்சேன்" என்றாள்.

"தேய்ச்சா அழுக்குதானே போகும்?"

"கம்பி பிரஷ். மழை பெஞ்ச மறுநாளா பாத்துத் தேச்சேன், நல்லா வருதுன்னு. நனைஞ்சா மணல் பாறை இளகிப் போகும்னு எனக்குத் தோணவே இல்ல. மூஞ்சில கொட்டினது அழுக்குன்னு நினைச்சேன். அது பிஸ்கட்."

அழுத்தித் தேய்க்காதீங்க, பல் எனாமல் போயிடும் என்று கிளினிக்கில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஓதுகிற வாய் அது. நாத்தனாருக்கு அதைச் சொல்லிக் கிண்டல் செய்ய நாக்கு துடித்திருக்க வேண்டும். அவள்கூட வேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பைக்குள் கைவிட்டு இரண்டு டப்பாக்களை வெளியே எடுத்தான்.

"கப்பல்ல பைப் விரிசல் விட்டா ஒட்டற பசை. பிஸ்கட்ல கீறல் இருந்தா அடைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். மணலைக் கலந்து அதே அளவுக்குக் கட்டிடலாம். அளவு என் விரல்லயே இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கல்லாயிடும்."

அவள் டப்பாக்களைப் பார்த்தாள். சாயங்காலம் வரை பொறுத்தால் போதும். அவன் ஏறிவிடுவான். பிறகு கப்பல் கிடையாது. நாற்காலி முதுகில் ஈரத் துண்டு கிடக்கும். அதற்காக அவள் தினமும் கத்தலாம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஓர் ஆள் இருக்கும். ஒருவருக்கு மட்டும் சமைத்தது மீந்துபோய் மறுநாள் அதையே தின்ன வேண்டியதில்லை. இவ்வளவுதான் அவள் கேட்டது. அது இப்போது இரண்டு டப்பாவுக்குள் இருந்தது.

"வேண்டாங்க."

"யாருக்கும் தெரியாது பல்லி."

"நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அவன் கைக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு ஒட்டுவான். அதுக்கு மேல ஒருத்தன் உளியோட வருவான்."

"நீ என்ன, பாறைக்கு வக்கீலா?"

"பாறையைத் தேச்சவ. அதுக்கு ஆசைப்பட்டு நாம பண்ணினதே போதும்டா. இன்னும் நீ வேற எதுவும் பண்ணாத."

'நீங்க' எங்கோ பறந்துபோயிருந்தது. நாத்தனார் கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "எனக்குத் தாகமா இருக்கு. தண்ணி கார்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தண்ணீர் பாட்டில் அவள் கையிலேயே இருந்தது.

"அப்ப கப்பல்?" என்று கேட்டான் அவன்.

"அதை நீதான் சொல்லணும். பாறையா சொல்லும்?"

"இத்தனை வருஷமா இதை நினைச்சுட்டே தூங்கினேன். ஒவ்வொரு எட்டா மனசுக்குள்ள ஏறுவேன். மேல போறதுக்குள்ள தூக்கம் வந்துடும். இது இல்லைன்னா எதுக்காகக் கப்பலை விட்டு இறங்கி வர்றதுன்னு தெரியல."

வாய் வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். கேட்டு வாங்குகிற சாப்பாட்டில் ருசி இருக்காது.

அவன் டப்பாக்களைப் பைக்குள் போட்டான். மெத்தையை இருவருமாக மடித்தார்கள். மடிக்கும்போது அடியிலிருந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு புல்கூட இல்லை.

மீதி லீவு நல்லபடியாகவே போனது. குழாயைச் சரிசெய்தான், சினிமாவுக்குக் கூட்டிப்போனான், ஈரத் துண்டை நாற்காலியில் போட்டான். அவள் கத்தவில்லை. பாறையைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "சரி, வரேன்" என்று அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது. கையிலிருந்த சட்டையை அவள் இரண்டாம் தடவை உதறினாள்.

டாக்ஸி வந்து நின்றபோது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னான்: "அடுத்த தடவை வர்றப்போ வேற ஏதாவது பாறை பாக்கலாம். ஏதாவது ஒண்ணு வேணும்ல, வர்றதுக்கு?"

"எதுக்கும் வர வேண்டாம்" என்றாள். "சும்மா வா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

ஏதோ தெரியாத பாஷையைக் கேட்டது போல அவளைப் பார்த்தான். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

மறுநாள் மதியம், அவள் பஸ்ஸுக்கு நிற்கையில் துறைமுகத்திலிருந்து அவன் செய்தி வந்தது. 'இந்தப் பயணத்தோட வேலையை விடறேன்னு சொன்னேன். ஆபீஸ்ல காரணம் கேக்கறாங்க. சும்மான்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். என்ன சொல்ல?'

அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் 'பொண்டாட்டி ஏங்கிப் போயிட்டான்னு சொல்லு' என்று அனுப்பினாள்.

ஒற்றை டிக் குறியோடு நின்றது செய்தி. கப்பல் கிளம்பிவிட்டது போலும். அடுத்த துறைமுகம் வரும்வரை அவன் போனுக்கு எதுவும் போய்ச் சேராது. அடுத்த பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஒற்றைக் குறியையே பார்த்துக்கொண்டு போனாள்.