குண்டு ஒரு பக்கம், ஒல்லி ஒரு பக்கம்

பக்கத்து வீட்டு ஜினெம் எதைக் கண்டாலும் பெயர்ச்சீட்டு எழுதுகிறவள். உப்பு டப்பாவுக்குச் சீட்டு, ஏணிக்குச் சீட்டு. புருஷன் அடோஸ் அசந்து தூங்கினால் அவன் கால்விரலிலும் ஒன்றைக் கட்டிவிடுவாள் என்று எங்கள் செரியான் ஊர்ச் சந்தையில் பரப்பியது நான்தான். ஆனால் இலைநுனியில் பூச்சி பிடிக்கும் குடுவைகள் தொங்கும் அவளுடைய குடுவைச்செடித் தோட்டத்தில் சீட்டு பொய் சொன்னதில்லை. கூச்சிங் நகரத்திலிருந்து வருகிறவர்கள் செடியைக்கூடப் பார்க்காமல் சீட்டைப் படித்து வாங்கிப்போவார்கள். ஒன்பது வருடம் மெனக்கெட்டு, இரண்டு இனங்களைக் கலந்து ஒரு புது ரகம் எடுத்திருந்தாள். மொத்தமே பதினோரு செடி.

போன வருடம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன். ஒருநாள் காற்றும் மழையும் தொட்டிகளை உருட்டி, சீட்டுகளைச் சேற்றில் கொட்டிவிட்டன. நான் இருபது வருடமாகக் குடுவைக்குள் அரிசி அடைத்து அவித்து விற்கிறவள். குண்டுக் குடுவை சோற்றுக்காகும், ஒல்லி ஆகாது. செடிகளையும் அப்படியே பிரித்தேன். குண்டுக்கெல்லாம் சாதாரணச் சீட்டு. ஒல்லிக் குடுவையோடு நெட்டையாக, ஒய்யாரமாக நின்றவற்றுக்குப் புது ரகத்தின் சீட்டு. அவள் திரும்புவதற்குள் அடோஸ் சீட்டைப் பார்த்து நெட்டைகளை விற்றான். சோற்றுக்காகும் என்று குண்டுகள் பதினொன்றையும் என் தலையில் கட்டினான்.

ஒரு மாதம் கழித்து ஜினெம் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, என்னைத் திருடிங்கறாங்க. கூச்சிங்காரன் போன்ல கத்துறான்."

"விடுடி, அவன் கண்ணுல கோளாறு."

"இல்லக்கா. என் செடி சின்னதுல குண்டாத்தான் குடுவை விடும். கொடியேறினாத்தான் ஒல்லியாகும், வாயோரம் கருஞ்சிவப்பு வரி விழும். அவன்கிட்ட இருக்கிறதுல வரியே இல்லையாம். நீ தண்ணி விட்டப்போ சீட்டு ஏதாவது கழண்டுச்சா?"

"சேச்சே! நான் எதுக்குடி அதையெல்லாம் பார்க்கப்போறேன்?"

அதற்குள் சோற்றுக்காக அறுத்து அறுத்து, என்னிடமிருந்த பதினொன்றில் பத்து பட்டுப்போயிருந்தன.

ஜினெம் இப்போது எதற்கும் சீட்டு எழுதுவதில்லை. வருகிறவர்களும் செடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு போகிறார்கள்.

இன்று காலை குடுவை அறுக்கக் கத்தியோடு பின்பக்கம் போனேன். மிஞ்சிய ஒற்றைச் செடி துணிக்கொடிக் கம்பத்தில் ஏறியிருந்தது. உச்சியில் ஒல்லியாக ஒரு புதுக் குடுவை.

"அக்கா, சோத்துக்குக் குடுவை இருக்கா? இல்லேன்னா நான் காட்டுல பறிச்சுத் தரவா?" வேலிக்கு அப்பாலிருந்து ஜினெமின் குரல்.

"இருக்குடி" என்றேன்.

அதன் மூடி அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தது. உள்ளே விரற்கடை நீர். வாயோரம், சற்றுமுன் கீறியதுபோல், கருஞ்சிவப்பில் ஒரு வரி.