கோடு போட்ட சட்டை

'அனைவருக்கும் அனுப்பு' என்ற பச்சைப் பொத்தானை நான் அழுத்தியபோது காலை பதினொன்றே கால் இருக்கும். அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ நைந்துபோன காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள். உதட்டில் இரண்டு குண்டூசி. வாடிக்கையாளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே தட்டில் செய்தி போய்விட்டது என்று சொன்னேன். குண்டூசியை எடுக்காமலே "ம்" என்றாள். மூன்று வாரம் கண் பூத்துப்போக உட்கார்ந்து தட்டச்சு செய்தவளுக்கு வெறும் "ம்" தானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

எனக்குக் கை வேகம். இருபத்திரண்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து, ஆள் குறைப்பில் வீட்டுக்கு வந்தவள். வாயும் வேகம். புத்தி மட்டும் இரண்டுக்கும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும் என்று அக்கா சொல்வாள். வேலை போனதும் அவள் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அதற்குள் எங்கள் தெருவிலேயே இரண்டு ரெடிமேட் கடைகள் வந்துவிட்டன. புதுத்துணி தைக்க வந்த கூட்டம் ஜிப் மாற்றவும் பட்டன் வைக்கவும் மட்டும் வரத் தொடங்கியிருந்தது. ஆன்லைனில் போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"ஆளைப் பாக்காம போன்ல எப்படிடி அளக்கறது?"

"எதுக்கு அளக்கணும்? ஊர்ல பாதிப் பேரோட அளவு உன் நோட்டுலதான தூங்குது. அவங்க வீட்லயிருந்தே துணியத் தேர்ந்தெடுக்கட்டும், நீ தைச்சு அனுப்பு."

அக்கா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். முட்டிவலிக்காரி. அளவெடுக்க ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுந்து உட்காருவது அவளுக்கும் தண்டனைதான். சரி என்றாள். தையல்கடைகளுக்கென்றே இருக்கும் ஓர் ஆப்பைப் பிடித்தேன். எட்டு தடிநோட்டுகளையும் தூசி தட்டி உட்கார்ந்தேன்.

அந்த நோட்டுகளில் பெயரே கிடையாது. பேரைக் கேட்டால் மறந்துவிடும், ஆளைப் பார்த்தால் மறக்காது என்பாள் அக்கா. அதனால் போன் நம்பருக்குப் பக்கத்தில் 'கணக்கு வாத்தியார்', 'மூச்சுப்பிடி அம்மா', 'ரெண்டு நாய்க்காரர்' என்றுதான் இருக்கும். அதற்கப்புறம் மார்பு, இடுப்பு, தோள், கை. கடைசியில் தலைப்பில்லாத ஒரு கட்டம். அதில் பொடி எழுத்தில் தனக்காக ஏதேதோ எழுதிவைத்திருப்பாள். ஆப்பில் பெயர் கட்டாயம் என்றது, அடைமொழியைப் போட்டேன். 'குறிப்பு' என்று ஓர் இடம் இருந்தது, கடைசிக் கட்டத்தைப் போட்டேன். தட்டச்சுக்காரிகளுக்கு ஒரு வரம் உண்டு: கண் படிக்கும், கை அடிக்கும், மனசுக்கு ஒன்றும் போகாது. குறிப்பு தைப்பவளுக்கு மட்டும் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் முதல் போன் வந்தது. பேக்கரிக்காரரின் மனைவி.

"நான் மூச்சுப்பிடி அம்மாவா?"

என் போனிலேயே அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தேன். 'அன்புள்ள மூச்சுப்பிடி அம்மா, உங்கள் அளவுகள் இனி உங்கள் கையில்.' தொட்டால், இதுவரை எடுத்த அளவெல்லாம் தேதிவாரியாக விரிந்தது. கீழே குறிப்பு: 'வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார். பேச்சுக் கொடுத்து, மூச்சு விட்டதும் அள.' அந்தம்மா எதிர்முனையில் அதையே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் பிள்ளைங்க படிப்பை விசாரிச்சாங்களா உங்கக்கா என்றார்.

கணக்கு வாத்தியார் போன் செய்யவில்லை, நேராகவே வந்துவிட்டார். அவருடைய குறிப்பு: 'இடுப்பு 36 என்பார். ஆமாம் சொல்லிவிட்டு 39 வெட்டு.' போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத்தன வருஷமா அப்படியே இருக்கீங்க சார், அப்படியே இருக்கீங்க சார்னு சொன்னதெல்லாம்?"

"பேன்ட் சரியா இருந்துச்சா இல்லையா சார்?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

வாத்தியாருக்கு அதற்குமேல் கணக்கு ஓடவில்லை. வந்ததற்கு ஒரு பேன்ட் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பரவாயில்லை, ஆழம் தெரியாமல் காலை விட்டாலும் முட்டியளவுதான் தண்ணீர் என்று நினைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்தி, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுமெத்தையில் குத்தினாள்.

"கோடு போட்ட சட்டைக்காரர் நம்பரும் அதுல இருந்துச்சா?"

எனக்கு நினைவில்லை. தேடினேன். இருந்தது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். நீலக்கோடு, பழுப்புக்கோடு, சாம்பல்கோடு என்று கோடு போட்ட துணியைத் தவிர வேறு தொடமாட்டார். அவர் கடைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, உடம்பு சரியில்லை என்று கேள்வி. அவர் மனைவி, எப்போதும் கவுனே உடுத்தும் பாட்டு டீச்சர்தான் வருவார், மாதம் ஒருமுறை, பெரிய பையோடு. வந்து என்ன கொடுக்கிறார், என்ன வாங்கிப்போகிறார் என்று நான் கவனித்ததில்லை. திரையைப் பார்த்தேன். மார்பு 42. அடுத்த வரி 41½. அடுத்தது 41. பதினான்கு வரிகள், பதினான்கு மாதம். கடைசி வரி 36. ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு: 'டீச்சர் கொண்டுவந்தது. எல்லாச் சட்டையும் பிடித்துச் சின்னதாக்கியாயிற்று. அவருக்குத் தெரியக்கூடாது.' ஆப் தன் பங்குக்கு அந்த எண்களை ஒரு சிவப்புக் கோடாக வரைந்துவைத்திருந்தது. மேலே இடப்பக்கம் தொடங்கி, கீழே வலப்பக்கம் இறங்கும் கோடு. அதற்கடியில், 'வாடிக்கையாளர் பார்த்தார், 11:31.'

அக்கா அப்போதுதான் எனக்கு முழுதும் சொன்னாள். மனிதருக்கு உள்ளே பெரிய வியாதி. மருந்து ஓடுகிறது. எடை குறையாமல் இருந்தால் மருந்து கேட்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதையே பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் சட்டையைப் போட்டு, பட்டனைப் பூட்டி, காலருக்குள் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாராம். விரல் இறுக்கமாகப் போனால் அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிடுவாராம். தொளதொளவென்று போன முதல் நாள் சாப்பாட்டைத் தொடவே இல்லை. அன்று மத்தியானம் அவர் படுத்திருந்தபோது டீச்சர் அலமாரியோடு அள்ளிக்கொண்டு இங்கே வந்தார்.

"சட்டை மட்டும் இல்லடி. காலர், கைமுட்டி, பேன்ட், எல்லாம். பெல்ட்கூட. ஓட்டை மாறினா கண்டுபிடிச்சுடுவாருன்னு கொக்கிப் பக்கமா வெட்டிக் குடுத்தேன். பதினாலு மாசம். பக்கத்துல உக்காந்திருந்த உனக்கே தெரியாம பாத்துக்கிட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா."

"எதுக்கு? ஊருக்கெல்லாம் அனுப்பவா?"

அக்கா என்னைத் திட்டி நான் அழுததில்லை. அன்றைக்கு அழுதேன். அழுதுகொண்டே அவருடைய பக்கத்தை அழித்தேன். பார்த்த கண்ணை யார் அழிப்பது? டீச்சருக்குச் சொல்வதா வேண்டாமா என்று அக்கா போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். வகுப்பில் இருப்பார், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கடைசியில் மேசைக்குள் போட்டு மூடினாள். மத்தியானத்துக்குள் ஆப்பில் ஆறு ஆர்டர்கள் வந்திருந்தன. ஒரே நாளில் ஆறு புதுத்துணி அந்தக் கடையில் எப்போது விழுந்தது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மறுநாள் காலை கடை திறந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவரே வந்தார். தெருமுனையிலிருந்து நடந்து வந்த களைப்பில் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழுப்புக்கோடு போட்ட சட்டை. தோளில் ஒரு சுருக்கமில்லை, பக்கவாட்டில் ஒரு தொய்வில்லை. அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. கழுத்துக்கு மேலே பார்த்தால்தான் ஆள் எவ்வளவு கரைந்துவிட்டார் என்று தெரிந்தது. கையில் ஒரு துணிப்பை. அக்கா முட்டிவலியை மறந்து எழுந்துவிட்டாள். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"டீச்சர்?" என்றாள் அக்கா.

"பள்ளிக்கூடம் போயிருக்கா. மூணு மணிக்குத்தான் வருவா." உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "நேத்து அந்த மெசேஜைப் பாத்துட்டு, தப்பா வேற யாருதோ வந்திருக்குன்னுதான் நெனச்சேன். கிழிஞ்சுபோச்சுன்னு ஜன்னல் தொடைக்க வெச்சிருந்த பழைய சட்டை ஒண்ணு கெடந்துச்சு. இதே துணி. ரெண்டையும் கட்டில்ல விரிச்சு கோட்டை எண்ணினேன். முன்பக்கத்துல இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. பன்னெண்டு கோடு காணோம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கிழிஞ்சதைப் போட்டுப் பாத்தேன். கண்ணாடியில ஒரு சின்னப்பையன் அவங்கப்பா சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு."

என்னால் அதற்குமேல் முடியவில்லை. "நான்தாங்க. நான்தான் ஏத்தினேன். பாக்காம அனுப்பிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கதானா? கோவமாத்தான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லாததே எனக்கு ஆறுதலாக இருந்தது. "நான் நெஜமாவே நம்பிட்டேங்க. முகம் ஒட்டினதுக்குப் பல்லு எடுத்ததுதான் காரணம்னு அவ சொன்னா, நம்பினேன். ஆஸ்பத்திரில எடை மெஷின்ல அவதான் நம்பரைப் படிப்பா, அப்படியே இருக்குன்னா, நம்பினேன். சட்டை சரியா இருக்கே, வேற என்ன சாட்சி வேணும்? நல்லா இருந்துச்சுங்க அந்தப் பதினாலு மாசம். ஒழுங்கா சாப்பிட்டேன். ஒழுங்கா தூங்கினேன்."

மெஷினுக்குப் பக்கத்தில் என் போன் புது ஆர்டர் வந்ததென்று மணியடித்தது. எடுத்து அதன் வாயை அடைத்தேன்.

"பெல்ட் மட்டும் புரியலங்க," என்றார் அக்காவிடம். "எப்பவும் அதே மூணாவது ஓட்டைதான்."

"கொக்கிப் பக்கமா வெட்டினேன்."

இடுப்பைக் குனிந்து பார்த்தார். கொக்கியை விரலால் தடவினார். நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர், வேலை தெரிந்தவரை அவருக்குத் தெரியும்போல. "கெட்டிக்காரிங்க நீங்க" என்றார்.

பிறகு பையை மடியில் வைத்துப் பிரித்தார். உள்ளே நான்கு கவுன்கள் மடித்திருந்தன. ஊதா, சாம்பல், பூப்போட்டது இரண்டு. டீச்சருடையவை. எத்தனையோ முறை அவர் இதே கடைக்கு உடுத்தி வந்தவை.

"நேத்து அவ வீட்டுக்கு வந்ததும் அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன். என் ஒடம்பையே நெனச்சுக்கிட்டு இருந்ததுல அவளைப் பாக்கவே மறந்திருக்கேன். தோள்ல கவுன் நழுவுது. தூக்கித் தூக்கி விட்டுக்கறா. அவளுக்கு அது தெரியக்கூட இல்ல, கை பாட்டுக்குத் தூக்குது." ஊதாக் கவுனை எடுத்து மேசைமேல் பரப்பினார். "மூணு மணிக்குள்ள சின்னதாக்கித் தாங்க. அவளுக்குத் தெரிய வேணாம்."

அக்கா கவுனைத் தொட்டாள், ஆனால் எடுக்கவில்லை.

"நீங்க பாத்தது டீச்சருக்கு?"

"தெரியாது. தெரிய வேணாம். அடுத்த மாசமும் என் சட்டைய எடுத்துக்கிட்டு வருவா. வழக்கம்போல வாங்கிக்குங்க." பையின் காதைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "காலையில காலர்ல வெரல் விட்டுப் பாத்தேன். அவ சமையக்கட்டுலயிருந்து பாத்துக்கிட்டு இருந்தா. இறுக்கமா இருக்குன்னேன். எவ்ளோ சந்தோஷம் அவளுக்கு."

நான் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டேன். பாட்டு டீச்சர் என்று தேடினால் பழைய அளவு கிடைக்கும். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பழசு எதுக்கு? இப்ப எவ்வளவு பிடிக்கணும்னு தெரியணும். ஆள் இல்லாம எப்படிங்க அளக்கறது?"

அவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி மெல்ல எழுந்தார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார், கூச்சமாக இருந்தது போலும். நான் துணியை மடிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன், ஆனாலும் எதிர்க்கண்ணாடியில் தெரிந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வளைத்து, விரல்நுனியோடு விரல்நுனியைச் சேர்த்தார். ஒருகணம் கண்ணை மூடிக்கொண்டார். கைகளை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தார்.

"இவ்வளவுதான் இருப்பா" என்றார்.

அக்கா கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். அவருக்கு முன்னால் போய், அந்த வளைவின் உட்பக்கமாக, சட்டைக் கைகளில் டேப் படாமல் ஒரு சுற்றுச் சுற்றினாள். எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வழக்கத்துக்கு மாறாக என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேசைக்குப் போய், ஊதாக் கவுனை உள்புறம் திருப்பி, தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். அளந்து முடித்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.