எழுபது ஓடுகளில் ஒரே முகம்

என் புருஷன் பெஹ்ராமுக்கு வரையத் தெரிந்தது ஒரே ஒரு முகம்தான். உருண்டை மூஞ்சி, பாதாம் பருப்புக் கண்ணு, பொட்டு அளவு வாய். ஊசியால் பொத்தல் குத்திய ஒரு காகிதம் வைத்திருக்கிறார். அதைச் சுவரில் பதிக்கிற ஓட்டின் மேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் முகம் இறங்கிவிடும். அப்புறம் கோட்டை இழுத்து, நான் அரைத்துக் கொடுக்கிற நீலத்தைப் பூசிச் சூளையில் வைக்க வேண்டியதுதான். இருபது வருஷமாக அதே முகம். "உன்னை நினைச்சுத்தான்டி குத்தினேன், இது உன் முகம்" என்று கோன்யா பட்டணத்தில் ஒருநாள் சொன்னார். அதை நம்பித்தான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன்.

ஏரிக்கரையில் அமீர் சுங்குர் கட்டிய புது மாளிகைக்கு எழுபது நட்சத்திர ஓடு செய்து கொடுத்தோம். சுவரில் பதித்த மறுநாளே அமீர் சூளைக்கு வந்து நின்றார். பின்னால் இரண்டு வாள்காரர்கள்.

"டேய் பெஹ்ராம்! என் பொண்டாட்டி மூஞ்சிய எங்கேடா பார்த்தே?"

"ஐயோ எசமான், அந்தம்மா செருப்பைக்கூட நான் பார்த்ததில்லையே!"

"குளிக்கிற அறை வாசல் ஓட்டுல மாதுளம்பழத்தோட சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்காளே, அது அல்துன் இல்லாம வேற யாரு? வரைஞ்ச கைய நீட்டுடா!"

இவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அந்தக் கை போனால் எங்கள் பிழைப்பே போச்சு. எனக்குக் கோபம் வந்தால் அமீராவது, சுல்தானாவது!

"வெட்டுறதுதானே எசமான், எப்ப வேணா வெட்டிக்கலாம். முதல்ல பக்கத்து ஓட்டைப் பாருங்க" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு எல்லாரையும் மாளிகைக்கு இழுத்துப் போனேன்.

"இந்த வேட்டைக்காரன் மூஞ்சி யாருது? மீனோட நிக்கிறானே, அவன்? சிங்க உடம்பு மேல இருக்கே தலை, அது?"

அமீர் ஒவ்வொரு ஓடாக மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"எல்லாமே அல்துன்தான்!" என்று முனகினார்.

"எல்லாமே இந்த ஒரு காகிதம்தான் எசமான். உங்க வீட்டம்மா இல்லவே இல்ல."

வாள் உறைக்குள் போனது. எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் திரை விலகி அல்துன் அம்மாவே வெளியே வந்தார்.

"அப்ப அது நான் இல்லையா? காலைல எட்டு பொம்பளைங்களைக் கூப்பிட்டு, என் முகம்னு பெருமையாக் காட்டினேனே! எவ அவ? சொல்லு. சொல்லலேன்னா நானே வெட்டச் சொல்றேன்!"

வாள் மறுபடி வெளியே வந்தது. நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டேன். என் பேரைச் சொன்னால் என் தலைக்கு ஆபத்து. தெரியும். இருந்தாலும் சொல்லட்டுமே என்று ஆசையாகத்தான் இருந்தது.

இவர் அந்தம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொத்தென்று மண்டிபோட்டார்.

"அம்மா, அது என் மூஞ்சி. தொழில் கத்துக்கிட்டப்போ எவரும் எனக்கு முன்னாடி வந்து உட்காரல. தண்ணித் தொட்டில பார்த்து நானே குத்திக்கிட்டேன்."

அமீர் குனிந்து இவர் தாடியைக் கையால் மறைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தார்.

"அல்துன்! தாடி இல்லேன்னா உன் கூடப்பிறந்தவன் மாதிரியே இருக்கான்டீ!"

அந்தம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இதை அந்த எட்டு பேர்கிட்ட மட்டும் சொன்னீங்க, அப்புறம் தாடி போறது உங்களுக்குத்தான்" என்றார்.

கை பிழைத்தது. ஏரிக்கரையோரம் திரும்பி நடந்தோம்.

"ஏங்க, உசுருக்குப் பயந்துதானே அப்படிச் சொன்னீங்க?"

இவர் நடையை வேகப்படுத்தினார். எட்டிப் பிடித்துத் தாடியை நானும் மறைத்துப் பார்த்தேன். உருண்டை மூஞ்சி, பாதாம் கண்ணு, பொட்டு வாய்.

"அடப்பாவி மனுஷா! இருபது வருஷமா உங்க மூஞ்சிக்கா நான் நீலம் அரைச்சேன்?"