நியோயும் துருவும்

எங்கள் ஊரான கஹுக்குவுக்கு மேலே மலைமுகட்டில் ஒரே ஒரு நியோய் மரம் நின்றது. எங்கள் தீவில் அந்தப் பக்கம் காய்க்கிற நியோய் அது ஒன்றுதான். வனத்துறையில் வேலை பார்த்த என் அக்கா நோஹேயா, பதினோரு வருஷமாகத் திங்கட்கிழமைதோறும் அதைப் பார்க்க ஏறினாள். குழந்தை இல்லையே என்று யாராவது ஆரம்பித்தால், "மலைமேல ஒண்ணு இருக்கு. சொன்ன பேச்சு கேக்காது" என்பாள்.

தளிரைக் கருக்கும் பூஞ்சையான துரு நோய் வந்தபோது, முதலில் நியோயின் இனத்தைச் சேர்ந்த ஜம்பு மரங்கள் போயின. எங்கள் கொல்லையில் நின்ற ஜம்புவின் தளிர்களிலும் மஞ்சள் பொடி அப்பிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அதை வெட்டிச் சாய்த்தோம்.

"நாளைக்கு மலைக்குப் போகணும். இந்தப் பொடி ஒட்டிக்கிட்டு மேல வந்துடும். என் மழை ஜாக்கெட்டை வெந்நீர்ல அலசிப் போடுடா கைமி" என்றாள்.

சரி என்றேன். கடலில் அலை நன்றாக இருந்தது. அலைச்சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு போனவன் மறந்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் நியோயிலும் மஞ்சள் தெரிந்தது. கருகிய தளிரை உதிர்த்துவிட்டு மரம் மறுபடி துளிர்த்தது. அதுவும் கருகியது. அவள் நாற்றங்காலில் வேர்விட வைத்த கிளைகளும் பிழைக்கவில்லை.

"இவ காய்க்கறதுக்கு எத்தனையோ வருஷம் ஆகும். அந்தத் துருவுக்கு ரெண்டே வாரம்டா. இவ ஒரு பூ விடறதுக்குள்ள அது கொள்ளுப்பேரன் எடுத்துடுது" என்றாள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

இரண்டாம் வருஷம் மரம் துளிர்ப்பதை நிறுத்தியது. அன்று என்னையும் கூட்டிப் போனாள். அடிமரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை.

"அக்கா, அந்த ஜாக்கெட்டை நான் அலசவே இல்ல" என்றேன்.

"தெரியும். மடிப்புல மஞ்சளா இருந்துச்சு. நேரமாச்சேன்னு உதறிட்டு நான்தான் போட்டுக்கிட்டேன்."

அவள் கீறிய இடத்தை நான் விரலால் தடவினேன்.

"காத்துலயும் வந்திருக்கலாம். நீ அப்படி நெனைச்சுக்கடா" என்றாள். "எனக்கு அப்படி நெனைக்க வரல."

மறுமாதம் கடற்பறவைப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். இப்போதும் தினமும் பேசிக்கொள்கிறோம். மலையைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறப்பதில்லை.